பார்க்கின்சன் உள்ள நண்பரோடு பாதாமி ஏற்றம்: மாத்திரை நேரம், கயிறு, பிலே பற்றி விவரம் தேவை

பாறைத்தோழன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரிக் காலத்திலிருந்து ஒன்றாகப் பாறை ஏறுகிற கூட்டம் நாங்கள், ஐந்து பேர். எல்லாருக்கும் அறுபதுக்கு முன்பின் வயது. எங்களில் ஒருவனுக்குப் பார்க்கின்சன். வலக்கையில் நடுக்கம், வலக்கால் லேசாக இழுக்கும், சட்டைப் பொத்தான் போட நேரமாகும், குரல் தணிந்துவிட்டது. சிண்டோபா பிளஸ் பகலில் நான்கு வேளை, கூடவே பிரமிபெக்சோல் என்ற இன்னொரு பார்க்கின்சன் மாத்திரை. மாத்திரை வேலை செய்யும்போது நன்றாக நடக்கிறான். அடுத்த வேளை நெருங்கும்போது இறுகிப்போகிறான். சில சமயம் வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது.

நரம்பியல் டாக்டர் உடற்பயிற்சியை விடவே கூடாது என்கிறார். பாறை ஏற்றத்துக்குத் தடை சொல்லவில்லை. கயிறு இல்லாமல் ஏறாதீர்கள், கீழே விழாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். டிசம்பர் கடைசியில் கர்நாடகத்தின் பாதாமிப் பாறைகளுக்குப் போகிறோம், அவனும் வருகிறான்.

எங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். அவன் இன்னும் லீட் (பாறையில் அறைந்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறுவது) செய்யலாமா? எங்களுக்கு பிலே (ஏறுபவரின் கயிற்றைக் கீழே நின்று பிடித்துக் காப்பது) கொடுக்கலாமா? பாறை நடுவில் இறுகிவிட்டால் கீழிருந்து நாங்கள் என்ன செய்வது? மாத்திரைக்கும் ஏறும் நேரத்துக்கும் எப்படிக் கணக்குப் போடுவது? அவனைப் பொத்திப் பொத்தி வைக்கவும் மனமில்லை, கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப்போகவும் மனமில்லை.


நரம்புப்பிசியோ எழுதியது:

மாத்திரைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கும்.

சிண்டோபா பிளஸ் மாத்திரையில் 100 மி.கி. லீவோடோபாவும் 25 மி.கி. கார்பிடோபாவும் இருக்கின்றன. லீவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். அது வழியிலேயே உடம்பில் மாறி வீணாகிவிடாமல் தடுப்பது கார்பிடோபா. விழுங்கிய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். நோயின் ஆரம்ப ஆண்டுகளில் மிச்சமிருக்கும் நரம்பு செல்கள் டோபமைனைச் சேர்த்துவைத்துக் கொடுப்பதால் இடைவெளி தெரியாது. அந்த செல்கள் குறையக் குறைய, மருந்து ஏறுவதும் இறங்குவதும் உடம்பில் அப்படியே தெரியும். உங்கள் நண்பர் அடுத்த வேளைக்கு முன்னால் இறுகுவதற்கு இதுவே காரணம்.

கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் அவர் ஒரு நோட்டில் எழுதி வரட்டும்: மாத்திரை போட்ட மணி, உடம்பு 'ஆன்' ஆன மணி (மருந்து பிடித்து இறுக்கம் விட்ட நேரம்), இறங்கத் தொடங்கிய மணி, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்பது. 8 மணிக்குப் போட்டு 8.45க்கு ஆன் ஆகி 11.15க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கயிற்றில் இருக்க வேண்டிய நேரம் 9 முதல் 10.45 வரை. கடைசி அரை மணி தரையில்தான். 'இன்னும் ஒரே ஒரு ரூட்' என்ற பேச்சு சரியாக அந்த அரை மணியில் வரும், அப்போது நீங்கள் நால்வரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். வெயிலையும் நிழலையும் பார்த்து நாளைத் திட்டமிடுவது உங்களுக்குப் பழக்கம். இந்த முறை அவருடைய இரண்டு ஆன் நேரங்களை முதலில் குறித்துவிட்டு, வெயிலுக்கு ஏற்ற சுவரை அதன்பின் தேடுங்கள்.

லீவோடோபா குடலில் உறிஞ்சப்படுவதும், மூளைக்குள் நுழைவதும் புரதத்தின் அமினோ அமிலங்கள் போகும் அதே வழியில். முட்டை, பனீர், சுண்டல், ஒரு டம்ளர் பால் இவற்றோடு மாத்திரை போட்டால் அந்த வேளை மருந்து தாமதமாகலாம், பாதிதான் பிடிக்கலாம். உணவுக்கு அரை மணி முன்னால் அல்லது ஒரு மணி பின்னால், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போடுவது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ போதும். ஏறும் நாளில் புரதத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது வேண்டும். இரும்பு லீவோடோபாவோடு ஒட்டிக்கொண்டு உறிஞ்சவிடாது.

ஏறும் நாளுக்கென்று கூடுதலாக ஒரு வேளை வேண்டுமா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பாறையடியில் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அளவு கூடினால் மருந்து உச்சத்தில் இருக்கும்போது கைகால் தானாக நெளியும். அது நடுக்கம் அல்ல. ஹோல்டில் (பாறையில் பிடிக்கவும் மிதிக்கவும் உதவும் விளிம்பு) வைத்த காலைத் தானே தள்ளிவிடும் அசைவு.

அடுத்தது ரத்த அழுத்தம். நோயும் மருந்தும் சேர்ந்து, எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைக் கீழே இறக்கும். வீட்டிலேயே பாருங்கள்: ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு அளவு, நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஹார்னெஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) தொங்கிவிட்டுக் கால் தரையைத் தொடும் நிமிடத்தில்தான் தலை சுற்றும். எனவே அவர் இறங்கியவுடன் கயிற்றைத் தளர்த்தாதீர்கள். கயிறு இறுக்கமாக இருக்கும்போதே அவர் இரண்டு காலிலும் நின்று, கெண்டைக்காலை நாலைந்து முறை உயர்த்தி இறக்கி, சரி என்று சொன்னபின் தளர்த்துங்கள்.

இனி இறுகிப்போவது. நம் தானியங்கி அசைவுகளை ஓட்டும் பகுதியில் சிக்கல் இருப்பதால், கண்ணுக்கோ காதுக்கோ ஒரு வெளிக் குறிப்பு கிடைத்தால் மூளை வேறு வழியில் அசைவைத் தொடங்கிக்கொள்கிறது. சமதளத்தில் தடுமாறுகிறவர் படிக்கட்டில் நன்றாக ஏறுவது இதனால்தான். பாறை ஏற்றம் இந்த நோய்க்கு ஒத்துப்போவதற்கும் அதுவே காரணம் என்பது என் கருத்து. ஒவ்வொரு ஹோல்டும் கண்ணுக்குத் தெரிந்த ஒரு படிக்கட்டு. நடுவில் நின்றுவிட்டால் கீழிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் பேச வேண்டும், ஒரு தடவைக்கு ஒரே ஒரு அசைவைச் சொல்ல வேண்டும். முதலில் கயிற்றை இறுக்கி எடையை வாங்குங்கள். மூச்சு விடச் சொல்லுங்கள். இடுப்பை இடமும் வலமுமாக இரண்டு முறை ஆட்டச் சொல்லுங்கள். பிறகு, 'வலது கால், முழங்கால் உயரத்தில் வெள்ளைக் குறி, ஒண்ணு ரெண்டு மூணு.' நான்கு பேர் நான்கு ஹோல்டைச் சொன்னால் அவருக்கு எதுவும் நகராது. இரண்டு முறை முயன்றும் நகரவில்லையென்றால் இறக்கிவிடுங்கள், அங்கே தொங்கவிட்டு ஊக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பதற்றம் இறுக்கத்தைக் கூட்டும்.

இன்னொன்று, அவருடைய அசைவுகள் அவர் அறியாமலே சிறுத்துப்போகும். கை நீட்டியது போதும் என்று மூளை சொல்லும், விரல் ஹோல்டுக்கு நாலு அங்குலம் கீழே பாறையைத் தட்டும். ஹோல்டைத் தாண்டி மேலே கை வைத்து, அங்கிருந்து ஹோல்டுக்கு இறக்கப் பழக்குங்கள். நினைவூட்ட 'பெருசா' என்ற ஒரு சொல் போதும்.

ஆதாரம் கேட்பவர்களுக்கு: வியன்னாவில் நடந்து 2021இல் வெளியான ஒரு சோதனையில், முன்பின் ஏறிப் பழகாத 48 பார்க்கின்சன் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 12 வாரம், வாரத்துக்கு ஒருமுறை 90 நிமிடம் சுவர் ஏற்றம் கற்றுக்கொடுத்தார்கள். ஏறியவர்களுக்கு அசைவுக் குறைபாட்டு மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது, தாமாகவே உடற்பயிற்சி செய்த மற்றப் பிரிவில் அப்படிக் குறையவில்லை. ஆனால் அது பயிற்சியாளர் மேற்பார்வையில் நடந்த ஏற்றம். வெளிப்பாறையில் லீட் செய்வதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.


கயிறுமுனை எழுதியது:

மேலே பிசியோ சொன்னதோடு கயிற்று வேலையைச் சேர்க்கிறேன். உங்கள் நண்பரின் தோள், தொடை, இடுப்பு எல்லாம் இன்னும் ஏறும். நோய் முதலில் கை வைப்பது விரல் நுனி வேலையில்: முடிச்சு, பக்கிள், க்ளிப், பிலே. அந்த வேலைகளை நீங்கள் எடுத்துக்கொண்டால் ஏறும் வேலை அவரிடம் நிற்கும்.

லீட் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் பதில். க்ளிப் செய்வதற்காக, அதாவது போல்ட்டில் மாட்டுவதற்காக, கயிற்றைத் தலைக்கு மேலே இழுத்துப் பிடித்திருக்கும் அந்த இரண்டு மூன்று நொடியில்தான் லீட் செய்பவர் மிகக் கூடுதல் தளர்வோடு இருக்கிறார். இரண்டாவது, மூன்றாவது போல்ட்டில் அப்படி விழுந்தால் தரை வரை வர வாய்ப்பு உண்டு. நடுக்கமும் மெதுவான விரலும் அந்த மூன்று நொடியைப் பதினைந்து நொடியாக்கிவிடும், அதற்குள் மற்றக் கை பம்ப் ஆகிவிடும், அதாவது சோர்ந்து பிடி விட்டுப்போகும். ஆகவே டாப் ரோப்தான், அதாவது உச்சியில் மாட்டிய கயிறு ஏறுபவரைத் தாங்கும் முறை. உங்களில் ஒருவர் லீட் செய்து, உச்சியில் உள்ள இரண்டு போல்ட்டையும் சேர்த்து ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் இணைப்பு) போட்டு, பூட்டுள்ள கேரபினர் (உலோகக் கொக்கி) இரண்டை எதிரெதிராக வைத்துக் கயிறு விடுங்கள். பாதாமி மணற்கல், விளிம்பில் கயிறு உரசினால் கயிறும் தேயும் பாறையும் தேயும். ஆங்கரை விளிம்புக்குக் கீழே தொங்கும்படி நீட்டுங்கள்.

டாப் ரோப் என்றால் விழுகை கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. பல ஒற்றைக் கயிறுகள் 80 கிலோ எடையில் 7, 8 விழுக்காடு நீளும். 20 மீட்டர் உயர ரூட்டில் தொடக்கத்தில் வெளியே இருப்பது 40 மீட்டர் கயிறு. அதில் 3 மீட்டர் நீட்சி வந்துவிடும். அதாவது முதல் மூன்று மீட்டருக்குள் அவர் நழுவினால், பிலே சரியாக இருந்தும் தரையைத் தொடுவார். தொடக்கத்தில் கயிற்றை நன்றாக இழுத்து அவர் எடையில் ஒரு பங்கைத் தாங்கும் அளவு இறுக்கிவைத்து, அந்த மூன்று மீட்டர் தாண்டியபின் சாதாரண இறுக்கத்துக்கு வாருங்கள். அதுவரை இன்னொருவர் கீழே கை நீட்டி நிற்கட்டும்.

முடிச்சை அவரே போட விரும்புவார், போடட்டும். ஆனால் அவர் முடிச்சுப் போடும்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. பழைய நண்பர்கள் கூடும் இடத்தில் இதுதான் பெரிய அபாயம், இது நோயில்லாதவருக்கும் பொருந்தும். 1989இல் பிரான்சில் பியூக்ஸ் (Buoux) என்ற ஊரின் பாறையில் லின் ஹில் முடிச்சைப் பாதியில் விட்டு ஏறி, இறங்குவதற்குச் சாய்ந்தபோது இருபது மீட்டருக்கு மேல் விழுந்தார். அன்றைய உலகின் தலைசிறந்த ஏறுபவர்களில் ஒருவர் அவர். பார்க்கின்சன் உள்ளவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது இன்னும் கடினம். எட்டு முடிச்சின் நான்கு இழைகளையும் தனித்தனியே இழுத்து இறுக்க வேண்டும், வால் ஒரு கைப்பிடி அளவாவது, அதாவது 10 செ.மீ. இருக்க வேண்டும். விரல் ஒத்துழைக்காத நாளில் நீங்களே கயிற்று முனையில் எட்டு முடிச்சு வளையம் போட்டு, பூட்டுள்ள இரண்டு கேரபினரை எதிரெதிராக அவருடைய பிலே வளையத்தில் மாட்டிவிடுங்கள். டாப் ரோப்புக்கு அது போதும். அவர் போட்டாலும் நீங்கள் போட்டாலும், கிளம்பும் முன் வேறொருவர் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

பழைய கூட்டம் என்பதால் இதையும் சொல்கிறேன். உங்கள் ஹார்னெஸ், ஸ்லிங் எல்லாம் எந்த ஆண்டு செய்தவை என்று உள்பக்க லேபிளைப் பாருங்கள். துணியில் செய்த கருவிகளுக்கு நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை 10 ஆண்டு, பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் அதுதான். இந்த நோயில் எடை குறைவது சகஜம், எனவே அவருடைய பழைய ஹார்னெஸ் இடுப்பில் நிற்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. பட்டையை இறுக்கியபின் இடுப்பெலும்புக்கு மேலே நிற்க வேண்டும், கீழே இழுத்தால் இறங்கக் கூடாது. ஏற்கெனவே கோர்த்தபடியே வரும் பக்கிள் உள்ள மாடல் வாங்குங்கள், திரும்பக் கோர்க்கும் பழைய பக்கிள் அவர் விரலுக்கு வேண்டாம்.

ஷூவும் மாற்ற வேண்டும். இந்த நோயில் கால் விரல் தானாக உள்ளே சுருண்டு வலிக்கும் பிடிப்பு வரும், இறுக்கமான ஏறும் ஷூ அதைத் தூண்டிவிடும். வழக்கத்தைவிட அரை முதல் ஒரு சைஸ் பெரிது, தட்டையான அடி, வெல்க்ரோ பட்டை. ஒவ்வொரு ரூட்டுக்கும் நடுவே கழற்றிவிட வேண்டும்.

பாறைத் தேர்வில் ஹம்பி போல்டரிங், அதாவது கயிறில்லாமல் சிறு பாறைகளில் ஏறுவது, வேண்டவே வேண்டாம். உயரம் குறைவு என்பதால் அது எளிது என்று தோன்றும். அங்கே ஒவ்வொரு விழுகையும் தரையில் முடியும், விழும்போது தானாக வரும் தற்காப்பு அசைவு இவருக்குத் தாமதம், எலும்பு அடர்த்தியும் குறைந்திருக்கக்கூடும். சாவனதுர்கா மாதிரி நீளமான வழுக்குச் சரிவுகளும் இப்போதைக்கு வேண்டாம். பிடிக்க ஒன்றும் இல்லாமல் முழுக்கக் கணுக்கால் சமநிலையை நம்பும் ஏற்றம் அது. பாதாமியின் செங்குத்து மணற்கல்லில் கிடைமட்ட வெடிப்புகள் அடுக்கடுக்காக வருவதால் கைக்கும் காலுக்கும் தெளிவான விளிம்பு கிடைக்கும். அவருக்கு அதுதான் பொருத்தம். அவர் பழைய தரத்திலிருந்து இரண்டு மூன்று படி இறங்கிய ரூட்டை எடுங்கள், முதலில் ஏறுகிறவர் முக்கியமான கால் ஹோல்டுகளுக்குச் சாக் (chalk) பொடியால் சின்னக் கோடு போட்டுவிட்டு வரட்டும். பார்க்கின்சனில் நிற வேறுபாடு மங்கலாகத் தெரியும், செம்பாறையில் செம்பாறை விளிம்பு அவர் கண்ணுக்குத் தட்டையாகிவிடலாம். கிளம்பும்போது பிரஷ்ஷால் கோடுகளைத் துடைத்துவிடுங்கள். புராக்ரெசிவ் கண்ணாடி போடுகிறவரானால் கால் ஹோல்டைப் பார்க்கக் குனியும்போது படிக்கும் பகுதி வழியாகப் பார்த்து ஏமாறுவார். தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஏறும்போது கால் தடதடவென ஆடினால் உடனே நோய் என்று முடிவு கட்டாதீர்கள். நாம் தையல் மிஷின் கால் என்று சொல்வோமே, அது கெண்டைக்கால் களைப்பு. குதிகாலைக் கீழே இறக்கினால் நிற்கும். இறக்கியும் நிற்காமல், ஓய்வாக நிற்கும்போது ஆடி, நகரத் தொடங்கியதும் அடங்கினால் அது பார்க்கின்சன் நடுக்கம். முதலாவதற்குக் கால் நிலையை மாற்றினால் போதும். இரண்டாவது கூடிக்கொண்டே வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்.


பாறைத்தோழன் எழுதியது:

இருவருக்கும் ரொம்ப நன்றி. இதையெல்லாம் அச்செடுத்து எல்லாருக்கும் கொடுக்கப்போகிறேன். இரண்டு சந்தேகம். லீட் கூடாது என்றால் அவன் ஏற்கமாட்டான். அதற்கு ஏதாவது நடுவழி உண்டா? பிலே பற்றியும் சொல்லுங்கள். 'நான் மட்டும் சும்மா உட்கார்ந்து உங்கள் கையில் கயிறைக் கொடுத்துவிட்டு ஏறணுமா' என்கிறான். அவன் குரல் மேலிருந்து எங்களுக்குக் கேட்பதே இல்லை என்பதும் ஒரு பிரச்சினை.


மதுரைச்சுவர் எழுதியது:

லீட் விஷயத்தில் கயிறுமுனை அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். முழுக்க மூட வேண்டியதில்லை. டாப் ரோப்பில் கட்டியபடியே இரண்டாவது கயிறு ஒன்றையும் இடுப்பில் கட்டிக்கொண்டு, லீட் செய்வதுபோல ஒவ்வொரு க்விக்டிராவிலும் (போல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும் இரட்டைக் கொக்கி) அதை மாட்டிக்கொண்டு போகலாம். விழுந்தால் தாங்குவது மேல் கயிறு. ரூட்டைப் படிப்பது, எங்கே நின்று க்ளிப் செய்வது என்று முடிவெடுப்பது, தானே முன்னால் போவது, லீட்டில் அவர் இழக்க விரும்பாத அவ்வளவும் இதில் இருக்கிறது. இரண்டு கயிறும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, டாப் ரோப்பின் ஆங்கர் ரூட்டுக்கு நேர்மேலே இருக்க வேண்டும், அவரும் இரண்டாவது கயிற்றை எப்போதும் உடம்பின் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். க்ளிப் செய்யும்போது விரல் தடுமாறத் தொடங்கினால் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டு மேலே ஏறிக்கொண்டே போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிலே: அவரிடமிருந்து முழுக்கப் பிடுங்காதீர்கள், ஆனால் தனியாகக் கொடுக்கவும் கூடாது. கயிற்றைத் தானே பூட்டிக்கொள்ளும் கிரிகிரி வகை பிலே கருவி வலக்கை பிரேக்குக்காக வடிவமைத்தது. உங்கள் நண்பருக்கு நோய் இறங்கியிருப்பதும் அதே வலக்கையில். கருவி பூட்டிக்கொள்ளும் என்றாலும், பிரேக் கயிறு கையில் இருந்தால்தான் அதை நம்பலாம். இன்னொரு ஆபத்து, பதறும்போது, ஏறியவரை இறக்க உதவும் நெம்புகோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பது. கை இறுகிப்போனவருக்கு விடுவது பிடிப்பதைவிடக் கடினம். கிரிகிரி பிளஸ் மாடலில் நெம்புகோலை அளவுக்கு மீறி இழுத்தால் தானே நின்றுவிடும் அமைப்பு இருக்கிறது, வாங்குவதானால் அதை வாங்குங்கள். அவர் ஆன் நேரத்தில் மட்டும், டாப் ரோப்புக்கு மட்டும், அவருக்கு ஒரு மீட்டர் பின்னால் இன்னொருவர் பிரேக் கயிற்றைக் கையில் பிடித்திருக்கும்போது மட்டும் பிலே கொடுக்கட்டும். மேலே போனவரை இறக்கும் வேலையை அந்த இரண்டாமவர் வாங்கிக்கொள்ள வேண்டும். லீட் செய்பவருக்கு அவர் பிலே கொடுக்கவே கூடாது. தளர்வு கொடுப்பதிலும் வாங்குவதிலும் அரை நொடி தாமதமே போதும், விபத்தாகிவிடும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பதும் அவர் கழுத்துக்கு ஆகாது, பிரிசம் வைத்த பிலே கண்ணாடி ஒன்று வாங்கிக்கொடுங்கள்.

குரலுக்கு: சத்தமாகப் பேசச் சொல்லிப் பயனில்லை, தான் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று அவருக்குத் தோன்றும். ஹெல்மெட் பட்டையில் விசில் கட்டுங்கள். ஒரு விசில் இறுக்கு, இரண்டு விசில் தளர்த்து, மூன்று விசில் இறக்கு. விசில் அடிக்க முடியாத நிலை என்றால் இடது உள்ளங்கையால் தலையைத் தட்டினால் இறுக்கு. தரையில் வைத்துப் பழகிவிட்டு ஏறுங்கள்.

ராப்பெல், அதாவது தானே கயிற்றில் வழுக்கி இறங்குவது, வேண்டாம். இறங்குவதற்கு எப்போதும் கீழிருந்து பிலேதான். ராப்பெல்தான் ஒரே வழி என்ற இடத்துக்கு அவரைக் கூட்டிப்போகாதீர்கள்.


உமா_கோவை எழுதியது:

பாறையைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அடிபடுவது பெரும்பாலும் பாறைக்குப் போகும் வழியிலும் ராத்திரியிலும்தான், அதைச் சொல்கிறேன்.

பாறையடிக்குப் போகும் கல்வழியில் இரண்டு நடைக்கோல், ஒன்று போதாது. முதுகுப்பை அவருக்கு வேண்டாம். இந்த நோயில் பின்பக்கமாகச் சாய்ந்து விழும் போக்கு உண்டு, கயிறும் க்விக்டிராவும் அடைத்த பை அவரைப் பின்னால்தான் இழுக்கும். தண்ணீரும் மாத்திரையும் மட்டும் வைத்த இடுப்புப்பை போதும். இறக்கத்தில் ஒருவர் அவருக்கு முன்னால், ஒரு படி கீழே நடக்கட்டும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பச் சொல்லுங்கள். கடினமான இடங்களில் பேச்சுக் கொடுக்காதீர்கள், பதில் சொல்லத் தொடங்கினால் கால் நின்றுவிடும்.

பயணத்தில், பெங்களூரிலிருந்து ராத்திரி ரயிலில் போகிறீர்கள் என்றால் அவருக்குக் கீழ் பெர்த். பார்க்கின்சன் உள்ள பலருக்குக் கனவில் நடப்பதை உடம்பும் செய்யும், உதைப்பார்கள், எகிறுவார்கள். மேல் பெர்த்திலிருந்து விழுந்தால் பாதாமி வரை போகத் தேவையே இருக்காது. கூடாரம் அடித்தால் விளிம்பிலிருந்து வெகுதூரம் தள்ளி அடியுங்கள், அவருடைய படுக்கைக்குப் பக்கத்தில் அடுப்பு, இரும்புச் சாமான் எதுவும் வேண்டாம். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார். அப்போது மருந்து வற்றியிருக்கும், ரத்த அழுத்தமும் இறங்கும். தலையில் மாட்டும் டார்ச் தலைமாட்டிலேயே இருக்கட்டும். படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

பிரமிபெக்சோல் சாப்பிடுகிறார் என்றீர்களே, இரண்டு விஷயம் கவனியுங்கள். முன்னறிவிப்பே இல்லாமல் தூங்கிவிடச் செய்யும் மருந்து அது, எனவே கார் ஓட்டுவது அவரில்லை. இரண்டாவது, சிலருக்கு அது அடக்க முடியாத உந்துதலைக் கொண்டுவரும். சூதாட்டம், கண்மண் தெரியாமல் வாங்குவது என்றுதான் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏறுகிறவரிடம் அது வேறு முகத்தில் வரலாம்: தனியாகப் பாறைக்குப் போவது, ஒரே மாதத்தில் மூன்று ஷூ வாங்குவது, கயிறு வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பது. அவர் இயல்புக்குப் பொருந்தாத துணிச்சல் தெரிந்தால் அதைத் தைரியம் என்று பாராட்டாமல் அவர் மனைவியிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். நாற்பது வருடம் கூடவே ஏறியவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் முதலில் தெரியும். நடுக்கத்துக்குக் கொடுக்கும் பேசிடேன் போன்ற மாத்திரையும் இருந்தால் வியர்வை குறையும், உடம்பு சூடேறுவது வெளியே தெரியாது. மதிய வெயிலில் நிறுத்தாதீர்கள்.

மாத்திரைகளை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பையில் வையுங்கள், மூன்று நாளுக்குக் கூடுதலாக. லீவோடோபா திடீரென நின்றுபோனால் கடுமையான இறுக்கமும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். பாதாமியில் குரங்குத் தொல்லை உங்களுக்கே தெரியும். பாறையடியில் விட்ட பையைத் திறந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடும், ஆகவே ஒரு பங்கு எப்போதும் யாராவது ஒருவர் உடம்போடு இருக்க வேண்டும்.


சேலம்_ரவி கேட்டது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூளைக்கு மின்தூண்டல் கொடுக்கும் டிபிஎஸ் கருவி வைத்தவர்களும் ஏறலாமா? எங்கள் சித்தப்பா கேட்கிறார், முன்பு மலையேற்றப் பயிற்சி எடுத்தவர்.


நரம்புப்பிசியோ எழுதியது:

ரவி, அதை அறுவை செய்த குழுதான் சொல்ல வேண்டும், அவர்கள் அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். அவர்களிடம் என்ன கேட்பது என்பதை மட்டும் சொல்கிறேன். வயர் மண்டையிலிருந்து காதுக்குப் பின்னால் கழுத்து வழியாக இறங்கி, காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் இருக்கும் பேட்டரிக் கருவியில் சேர்கிறது. ஹெல்மெட்டின் உள்வளையம் மண்டையில் துளை மூடிய இடத்தை அழுத்துகிறதா, பைப்பட்டையோ மார்பு ஹார்னெஸோ பேட்டரிமேல் உட்காருகிறதா, கையை மேலே எட்டிப் பிடித்து உடம்பைத் தொங்கவிடுவதும் கழுத்தை வேகமாகத் திருப்புவதும் வயரை இழுக்குமா, இந்த மூன்றையும் ஹெல்மெட்டையும் ஹார்னெஸையும் கையோடு கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். வார்த்தையில் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. அந்தப் பக்கத் தசை வலிக்கு வெப்ப அலை டயதர்மி சிகிச்சை ஒருபோதும் எடுக்கக் கூடாது, வயர் சூடாகி மூளையைச் சுட்டுவிடும்.


பாறைத்தோழன் எழுதியது:

கடைசியாக ஒன்று. அங்கே வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால்? போன தடவையே இருவருக்கு வந்தது. அவனுக்கு வந்தால் உள்ளூர் டாக்டரிடம் என்ன சொல்வது?


உமா_கோவை எழுதியது:

ரொம்ப முக்கியமான கேள்வி. வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைட், அதாவது பெரிநார்ம், பார்க்கின்சன் உள்ளவருக்குக் கூடவே கூடாது. ஸ்டெமெட்டிலும் கூடாது. இரண்டுமே மூளையில் டோபமைன் உட்காரும் இடத்தை அடைத்துவிடும், ஒரே ஊசியில் அவர் முழுக்க இறுகிப்போகலாம். பிதற்றல், பதற்றம் என்று ஆஸ்பத்திரியில் போடும் ஹாலோபெரிடாலும் அதே வகை. டாம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போகாததால் அதைத்தான் பொதுவாகக் கொடுப்பார்கள், ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் அதுவும் ஆகாது. அதைக் கிளம்பும் முன்பே அவருடைய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை விழுங்கி அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பப் போடுவதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு என்றால் முதல் தடவையிலேயே ஓஆர்எஸ் தொடங்குங்கள், அன்றைக்கு ஏற்றம் கிடையாது. நீர் வற்றினால் அவருக்கு ரத்த அழுத்தம் மற்றவர்களைவிட வேகமாக விழும்.

ஒரு அட்டையில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி அவர் ஹெல்மெட்டுக்குள் ஒன்று, பர்ஸில் ஒன்று வையுங்கள்: பார்க்கின்சன் நோயாளி, மாத்திரைகளின் பெயர், அளவு, போடும் மணி, வேளை தவறக் கூடாது, பெரிநார்ம், ஸ்டெமெட்டில், ஹாலோபெரிடால் மூன்றும் கொடுக்கக் கூடாது, வீட்டு போன் நம்பர், டாக்டர் நம்பர். கர்நாடகத்திலும் ஆம்புலன்ஸ் எண் 108தான். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் உங்களில் ஒருவர் மாத்திரை டப்பாவோடு வார்டிலேயே இருங்கள், நர்ஸ் மருந்து கொடுக்கும் நேரமும் அவருடைய நேரமும் ஒன்றாக இருக்காது.